மிச்சியோ சுசூகி

மிச்சியோ சுசூகி (பெப்ரவரி 18, 1887 – அக்டோபர் 27, 1982) ஜப்பானியத் தொழிலதிபரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். மகிழுந்து (கார்), மோட்டார் சைக்கிள், படகுப் பொறி ஆகியவற்றைத் தயாரிக்கும் சுசூகி நிறுவனத்தை நிறுவியவர் இவரே. தச்சுத் தொழில் பழகிய இவர், 1909 ஆம் ஆண்டில் தறி செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். விலை குறைந்த சிறிய மகிழுந்துகளுக்குப் பெயர் பெற்ற நிறுவனமாக அப்பட்டறை பின்னாளில் வளர்ந்தது. இவருடைய நிறுவனத்தின் முதல் மகிழுந்தான சுசூலைட் 1955 ஆம் ஆண்டில், இவருக்கு 68 வயதானபோது வெளிவந்தது. இந்தியாவில் மாருதி 800 வண்டியின் தயாரிப்புக்கு வழிவகுத்த உடன்படிக்கை அக்டோபர் 2, 1982 அன்று கையெழுத்தானது. அதற்கு 25 நாட்களுக்குப் பின்னர் மிச்சியோ தமது 95 ஆவது வயதில் இறந்தார்.

பிறப்பும் இளமையும்

மிச்சியோ, ஜப்பானின் சிசுவோக்கா மாகாணத்தில் இன்றைய ஹமாமட்சு நகருக்குள் அடங்கிய ஒரு சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். அப்பகுதி பருத்தி விளைச்சலுக்கும் நெசவுக்கும் பெயர் பெற்றது. பல வீடுகளில் பெண்கள் தறியில் துணி நெய்து வந்தனர். மிச்சியோவின் தாயும் அவர்களுள் ஒருவர்.

இதே வட்டாரத்திலிருந்து ஜப்பானியத் தானுந்துத் தொழிலின் மூன்று பெரும் பெயர்கள் தோன்றியது குறிப்பிடத்தக்கது. டொயோட்டா குழுமத்துக்கு வித்திட்ட சாக்கிச்சி டொயோடா (1867–1930) அருகிலுள்ள ஊரில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அவரும் தறி செய்தே புகழடைந்தார். ஹோண்டா நிறுவனத்தைத் தொடங்கிய சொய்ச்சிரோ ஹோண்டா (1906–1991) பிறந்த ஊரும் இன்றைய ஹமாமட்சுவுக்குள் அடங்கியதே.

மிச்சியோ தமது 14 ஆவது வயதில், 1901 ஆம் ஆண்டில், ஒரு தச்சரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பயிற்சிக் காலம் ஏழு ஆண்டுகள். இடையில் 1904 ஆம் ஆண்டில் உருசிய-ஜப்பானியப் போர் மூண்டது. போர்க்காலத்தில் புதிய வீடு கட்டுவோர் குறைந்ததால் தச்சர்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. அதனால் மிச்சியோவின் ஆசான் மரத்தாலான மிதி தறிகளைச் செய்யத் தொடங்கினார். வீடு கட்டும் தச்சராக வந்திருக்க வேண்டிய இளைஞர், இவ்வாறு தறியின் அமைப்பையும் இயக்கத்தையும் கற்றுக்கொண்டார்.

தறிப் பட்டறை

பயிற்சி முடித்து ஊர் திரும்பிய மிச்சியோ, 1909 அக்டோபரில் சுசூகி தறிப் பட்டறையைத் தொடங்கினார். பட்டுப்புழு வளர்த்து வந்த கொட்டகையே அவருடைய முதல் பட்டறையாக அமைந்தது. அங்கு அவர் செய்த முதல் தறி அவருடைய தாய்க்கானது. பழைய கைத்தறியை விட அது விரைவாகவும் குறைந்த உழைப்பிலும் நெய்தது. அதைக் கண்ட அக்கம்பக்கத்தாரும் தமக்கு அத்தகைய தறி வேண்டுமென்று கேட்டனர். வேலை பெருகவே உதவிக்கு ஆட்களை அமர்த்திக்கொண்டார்.

தறியை விற்பதோடு மிச்சியோ நின்றுவிடவில்லை. அதைப் பயன்படுத்துவோருக்கு எங்கே இடர் ஏற்படுகிறது என்பதை அறிந்து, அதைக் களைய வழி தேடினார். குறுக்கே பல நிறக் கோடுகள் கொண்ட துணியை நெய்ய, ஊடை நூலின் நிறத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரே ஓடம் (நாடா) உள்ள தறியில் நெசவாளர் ஒவ்வொரு முறையும் நெசவை நிறுத்தி, கையால் ஓடத்தை மாற்ற வேண்டியிருந்தது. மிச்சியோ இரண்டு ஓடங்களை ஏற்று, அவை இருக்கும் பெட்டியை மேலும் கீழும் நகர்த்தித் தேவையான நிறத்தைக் கொண்டுவரும் அமைப்பை உருவாக்கினார். 1912 ஆம் ஆண்டில் இதற்குச் சட்டப் பாதுகாப்பும் பெற்றார். அவர் தம் வாழ்நாளில் பெற்ற காப்புரிமைகளும் பயன்மாதிரி உரிமைகளும் 120க்கும் மேற்பட்டவை.

மார்ச் 15, 1920 அன்று பட்டறை, சுசூகி தறி உற்பத்தி நிறுவனம் என்ற பெயரில் பங்கு நிறுவனமாக மாற்றப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது ஜப்பானின் பெரிய தறி நிறுவனங்களுள் ஒன்றாயிற்று.

சாரத் தறி

1930 ஆம் ஆண்டளவில் மிச்சியோ சாரம் நெய்வதற்கெனத் தனித் தறியை வடிவமைத்தார். மலாய் மொழியில் சாரோங் எனப்படும் இவ்வுடை, ஈழத்தில் சாரம் என்றும் தமிழகத்தில் கைலி, லுங்கி என்றும் அழைக்கப்படும் உடையை ஒத்தது. கட்டம் போட்ட துணியில் பாவிலும் ஊடையிலும் நிறங்கள் மாறி மாறி வர வேண்டும். நிறம் தவறினால் கட்டம் குலைந்துவிடும். இந்த நிறமாற்றத்தைத் தறியே தவறாமல் செய்ததால், தென்கிழக்காசியாவில் சுசூகி தறிகளுக்கு நல்ல வரவேற்புக் கிடைத்தது. நிறுவனத்தின் ஏற்றுமதி வளர்ச்சியில் இத்தறிக்கு முக்கியப் பங்கு உண்டு.

வெற்றிக்கு நடுவிலும் மிச்சியோவுக்கு ஒரு கவலை இருந்தது. நன்றாகச் செய்யப்பட்ட தறி பல பத்தாண்டுகள் உழைக்கும். ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்க வரமாட்டார். நெசவாலைகள் எல்லாம் தறி வாங்கி முடித்த பின் தம் தொழிலாளர்களுக்கு வேலை எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழுந்தது. பருத்தி விலையின் ஏற்ற இறக்கமும் தறி விற்பனையை உடனுக்குடன் பாதித்தது. எனவே இரண்டாவதாக ஒரு தொழில் தேவை என்று முடிவு செய்த மிச்சியோ, மகிழுந்தைத் தேர்ந்தெடுத்தார்.

முதல் மகிழுந்து முயற்சி

அக்காலத்தில் ஜப்பானில் ஓடிய மகிழுந்துகளுள் பெரும்பாலானவை அமெரிக்க நிறுவனங்களுடையவை. போர்டும் ஜெனரல் மோட்டார்சும் ஜப்பானிலேயே பாகங்களைப் பொருத்தி விற்று வந்தன. அவை பெரியவை, விலை மிகுந்தவை. மிச்சியோ சிறிய வண்டியையே செய்ய விரும்பினார். 1930களின் பிற்பகுதியில் பிரித்தானியாவின் ஆஸ்டின் செவன் வண்டி ஒன்றை வாங்கி, அதைப் பிரித்து ஆராய வைத்தார். மக்கள் வாங்கக்கூடிய சிறிய மகிழுந்துக்கு அது அந்நாளில் சிறந்த எடுத்துக்காட்டாக இருந்தது.

1939 ஆம் ஆண்டுக்குள் சில முன்மாதிரி வண்டிகள் உருவாயின. நான்கு உருளைகளும் நீர்மக் குளிர்விப்பும் கொண்ட அவற்றின் பொறி 800 கன சென்டிமீட்டருக்கும் (சிசி) குறைந்த கொள்ளளவில் 13 குதிரைத்திறனைத் தந்தது. பொறியின் கூடு வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. தறி செய்து பழகிய தொழிற்சாலைக்கு இது பெரிய சாதனையாகும்.

ஆனால் இவ்வண்டி விற்பனைக்கு வரவில்லை. போருக்கு ஆயத்தமான ஜப்பானிய அரசு, பொதுமக்களுக்கான மகிழுந்துகள் இன்றியமையாப் பொருட்கள் அல்ல என அறிவித்தது. தொழிற்சாலை போர்த் தளவாட உற்பத்திக்குத் திருப்பப்பட்டது. மிச்சியோவின் திட்டம் 15 ஆண்டுகள் பின்தள்ளப்பட்டது.

போரும் பின்னடைவும்

1944 டிசம்பரில் ஏற்பட்ட தொனன்காய் நிலநடுக்கமும் 1945 இல் நிகழ்ந்த குண்டுவீச்சுகளும் ஹமாமட்சுவைக் கடுமையாகத் தாக்கின. சுசூகி ஆலைகளும் சேதமடைந்தன. போர் முடிந்தபோது மிச்சியோவுக்கு வயது 58. தொழிலாளர்களுக்கு வேலை தருவதற்காக உழவுக் கருவிகள், மின் கணப்புகள் போன்ற கையில் கிடைத்த வேலைகளையெல்லாம் நிறுவனம் செய்தது. அமெரிக்கப் பருத்தி மீண்டும் ஜப்பானுக்கு வரத் தொடங்கியதும் தறி விற்பனை உயிர்பெற்றது.

இம்மீட்சி நீடிக்கவில்லை. 1950 ஆம் ஆண்டில் நிறுவனம் பணமுடையிலும் தொழிலாளர் போராட்டத்திலும் சிக்கியது. முறிவின் விளிம்பில் இருந்த அந்நிலையில், போட்டி நிறுவனமான டொயோடா தானியங்கித் தறி நிறுவனம் உதவிக்கு வந்தது. ஒரே வட்டாரத்தின் தறித் தொழிலில் பிறந்த இரு நிறுவனங்களின் உறவில் இது ஒரு முக்கிய நிகழ்வாகும். 1951 இல் பருத்திச் சந்தை மீண்டும் சரிந்தது. தறியை மட்டும் நம்பியிருக்க முடியாது என்ற மிச்சியோவின் பழைய அச்சம் சரியென்று இதனால் உறுதியாயிற்று.

மிதிவண்டிப் பொறி

போருக்குப் பின் ஜப்பானில் போக்குவரத்து வசதிகள் மிகக் குறைவு. பெரும்பாலானோர் மிதிவண்டியையே நம்பியிருந்தனர். மிச்சியோவின் மருமகன் சுன்சோ சுசூகியின் முனைப்பில், மிதிவண்டியில் பொருத்தக்கூடிய 36 சிசி இருவீச்சுப் பொறி (டூ ஸ்ட்ரோக்) உருவாக்கப்பட்டது. பவர் பிரீ என்ற பெயரில் 1952 சூனில் இது விற்பனைக்கு வந்தது. காலால் மட்டும் மிதித்தோ, பொறியின் துணையோடு மிதித்தோ, பொறியால் மட்டுமோ இவ்வண்டியை ஓட்ட முடிந்தது. அதற்கேற்ற இரட்டைப் பற்சக்கர அமைப்பே இதன் சிறப்பாகும். அடுத்த ஆண்டில் வந்த 60 சிசி டயமண்ட் பிரீ, பூசி மலையேற்றப் போட்டியில் தன் பிரிவில் வென்றது. சூன் 1954 இல் நிறுவனத்தின் பெயர் சுசூகி மோட்டார் நிறுவனம் என மாற்றப்பட்டது.

சுசூலைட்

மோட்டார் சைக்கிள் விற்பனையால் பணம் வந்ததும், மிச்சியோ தமது பழைய திட்டத்தைக் கையிலெடுத்தார். 1954 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சிறு குழு மகிழுந்து ஆய்வில் ஈடுபடுத்தப்பட்டது. செருமனியின் லாயிட், வோல்க்ஸ்வேகன், பிரான்சின் சிட்ரோயன் 2சிவி ஆகிய வண்டிகள் வாங்கி ஆராயப்பட்டன. ஜப்பானிய அரசு அப்போது 360 சிசிக்கு உட்பட்ட குறு மகிழுந்துகளை (கெய் வகை) தனி வகையாக வகுத்திருந்தது. அவற்றுக்கு வரியிலும் உரிமத்திலும் சலுகைகள் இருந்தன. மிச்சியோவின் நோக்கத்துக்கு இவ்வகை பொருந்தி வந்தது.

1954 அக்டோபரில் முன்மாதிரி வண்டிகளை ஹமாமட்சுவிலிருந்து தோக்கியோவுக்கு ஓட்டிச் சென்றனர். வழியில் ஹக்கோனே மலைக் கணவாயைக் கடக்க வேண்டும். அக்காலத்தில் அம்மலைச் சாலை கரடுமுரடானது. இடையிடையே பழுது பார்த்து, இரவு வெகு நேரம் கழித்தே தோக்கியோவை அடைந்தனர். அங்கே புகழ்பெற்ற மகிழுந்து விற்பனை நிறுவனமான யனாசேயின் தலைவர் அவர்களுக்காகக் காத்திருந்தார். வண்டியை ஓட்டிப் பார்த்த அவர் அதைப் பாராட்டினார்.

1955 அக்டோபரில் சுசூலைட் விற்பனைக்கு வந்தது. இரு உருளைகள் கொண்ட 360 சிசி இருவீச்சுப் பொறி முன்புறத்தில் அமைந்து முன்சக்கரங்களை இயக்கியது. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தொங்கமைப்பு இருந்தது. பொறியும் இயக்கமும் முன்புறத்திலேயே அடங்கியதால், சிறிய வண்டியிலும் ஆட்கள் அமரக் கூடுதல் இடம் கிடைத்தது. பிற்காலத்தில் உலகெங்கும் சிறிய மகிழுந்துகளின் பொது வடிவமாகிய இந்த அமைப்பு, அன்று ஜப்பானில் புதுமையானது. தொடக்கத்தில் மாதத்துக்கு மூன்று நான்கு வண்டிகளே செய்யப்பட்டன. முதலில் வாங்கியவர்களுள் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவரும் ஒருவர்.

ஓய்வும் குடும்பமும்

1957 ஆம் ஆண்டில், 70 ஆவது வயதில், மிச்சியோ தலைவர் பதவியிலிருந்து விலகினார். அதன் பின் ஆலோசகராக இருந்தார். ஆண் வாரிசு இல்லாத குடும்பங்கள் மருமகனையே மகனாகத் தத்தெடுத்துக் குடும்பப் பெயரைத் தருவது ஜப்பானிய வழக்கம். நம்மூரில் வீட்டோடு மாப்பிள்ளை என்பதை விட இது ஒரு படி மேலானது. அம்முறையில் வந்த சுன்சோ சுசூகி இரண்டாவது தலைவரானார். சுன்சோவின் மகளை மணந்த ஒசாமு சுசூகி (1930–2024) 1978 இல் தலைவரானார். அவர் காலத்தில், 1979 இல், மிகக் குறைந்த விலையில் வெளிவந்த ஆல்ட்டோ ஜப்பானில் பெரும் வெற்றி பெற்றது.

இந்தியாவில் சுசூகி

1980களின் தொடக்கம் வரை இந்தியாவில் மகிழுந்து வாங்குவோருக்குத் தேர்வு மிகக் குறைவு. அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகிய இரண்டுமே பெரும்பாலும் கிடைத்தன. இரண்டும் 1950களின் ஐரோப்பிய வடிவங்களைத் தழுவியவை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் உற்பத்தி 1971 இலேயே நின்றுவிட்டது.

1981 பெப்ரவரியில் இந்திய அரசு மாருதி உத்யோக் நிறுவனத்தைத் தொடங்கியது. பெல் நிறுவனத்தின் தலைவராக இருந்தவரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவருமான வெ. கிருஷ்ணமூர்த்தி (1925–2022) அதை வழிநடத்தினார். வெளிநாட்டுக் கூட்டாளியைத் தேடிய மாருதி, இறுதியில் சுசூகியோடு உடன்பட்டது. தொடக்கத்தில் சுசூகியின் பங்கு 26 விழுக்காடு. டிசம்பர் 14, 1983 அன்று முதல் மாருதி 800 வண்டியின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். 796 சிசி கொள்ளளவும் மூன்று உருளைகளும் கொண்ட பொறியைப் பெற்றிருந்த அதன் விலை ஏறத்தாழ 50,000 ரூபாய். 1939 இல் மிச்சியோ செய்வித்த வண்டியின் பொறியும் 800 சிசிக்குச் சற்றுக் குறைந்ததே என்பது தற்செயலான ஒற்றுமையாகும்.

தமிழ்நாட்டுக்குச் சுசூகியின் பெயர் இரு சக்கர வண்டிகளின் வழியாகவும் வந்தது. டிவிஎஸ் குழுமத்தோடு சேர்ந்து, 1984 முதல் ஓசூரில் 100 சிசி இந்த்-சுசூகி மோட்டார் சைக்கிள்கள் தயாரிக்கப்பட்டன. டிவிஎஸ்-சுசூகி எனப் பின்னர் பெயர் பெற்ற இக்கூட்டு 2001 இல் முடிவுக்கு வந்தது.

பயன்படுத்தியோர் பார்வை

மாருதி 800 இந்தியாவின் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் முதல் மகிழுந்தாக அமைந்தது. அதை வைத்திருந்தோர் பொதுவாகக் குறிப்பிடும் சிறப்புகள் பின்வருமாறு:

எரிபொருள் சிக்கனம். அம்பாசடரோடு ஒப்பிடுகையில் ஒரு லிட்டர் பெட்ரோலில் நெடுந்தொலைவு ஓடியது.
எளிய பராமரிப்பு. சிற்றூர்ப் பட்டறைகளிலும் பழுது பார்க்க முடிந்தது. உதிரிப் பாகங்கள் எளிதிலும் மலிவாகவும் கிடைத்தன.
கையாளும் எளிமை. குறுகிய தெருக்களில் திருப்பவும் நிறுத்தவும் ஏற்றதாக இருந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் பலவும் இவ்வண்டியையே பயன்படுத்தின.
நம்பகத்தன்மை. காலையில் வண்டியைத் தள்ளிக் கிளப்ப வேண்டிய நிலை அரிதாயிற்று. ஓட்டுநரை அமர்த்தாமல் உரிமையாளரே ஓட்டும் வழக்கம் பரவவும் இது துணைநின்றது.

குறைகளும் சொல்லப்பட்டன. உடற்பகுதித் தகடு மெல்லியது. விபத்தில் பயணிகளுக்குப் பாதுகாப்புக் குறைவு. காற்றுப்பைகள் இல்லை. 12 அங்குலச் சக்கரங்கள் பள்ளங்களில் எளிதில் இறங்கின. பின்புறத்தில் பொருட்கள் வைக்க இடம் சிறியது. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறுவது போன்ற மலைச் சாலைகளில், ஐந்து பேரை ஏற்றிக்கொண்டால் தாழ்ந்த கியரிலேயே செல்ல வேண்டும். குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு ஏறுவோரும் உண்டு. ஆயினும் இறங்கித் தள்ளாமல் மேலே சென்று சேர்ந்தாலே போதும் என்று கருதிய குடும்பங்களுக்கு அவ்வண்டி நிறைவளித்தது.

புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிகளால் 2010 முதல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் மாருதி 800 இன் விற்பனை நின்றது. 2014 சனவரியில் உற்பத்தியும் முடிவுற்றது. 30 ஆண்டுகளில் 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இந்தியாவில் விற்பனையாயின. ஒசாமு சுசூகிக்கு, அவர் இறந்த பின், 2025 ஆம் ஆண்டுக்கான பத்ம விபூசண் விருதை இந்திய அரசு அறிவித்தது.

மதிப்பீடு

மிச்சியோ பொறியியல் கல்லூரியில் பயின்றவர் அல்லர். தச்சரிடம் பெற்ற ஏழாண்டுப் பயிற்சியே அவருடைய தொழிற்கல்வி. தறியிலும் மகிழுந்திலும் அவர் பின்பற்றிய முறை ஒன்றே. சிறந்த முன்மாதிரியைத் தேடிப் பிரித்துப் பார்ப்பது, பயன்படுத்துவோரின் சிரமத்தைக் குறைப்பது, எளியோரும் வாங்கக்கூடிய அளவில் பொருளைச் சிறிதாக்குவது ஆகியன அதன் கூறுகள். மகிழுந்துத் திட்டத்தைப் போர் நிறுத்தியபோதும், தறித் தொழிலே முறியும் நிலைக்கு வந்தபோதும் அவர் அதைக் கைவிடவில்லை. அவர் தாய்க்கெனச் செய்த தறியால் அக்கம்பக்கத்தார் பயனடைந்தனர். சிறிய மகிழுந்து மீது அவர் கொண்ட நாட்டமோ, அவர் மறைந்த மறு ஆண்டில், மாருதி 800 வடிவில் இந்தியக் குடும்பங்களின் வாசலுக்கு வந்து சேர்ந்தது.